42 பேர் அடங்கிய ஒரு பயணியின் கடிதம்

பெறுநர்: குழுப் பயணப் பிரிவு, பெயர் சொல்ல விரும்பாத ஒரு விமான நிறுவனம்.
நகல்: சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், புது டெல்லி.
பொருள்: எங்கள் குழுவைத் துறவு நிலைக்கு உயர்த்தியமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

காசிக்குப் போகிறவர்கள் தமக்குப் பிடித்த ஒரு காயையோ பழத்தையோ அங்கே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது வழக்கம். பிடிக்காத பாகற்காயை விட்டுவிட்டு வந்து, உலகத்தையே துறந்த மாதிரி நடமாடும் ஆட்கள் எங்கள் ஊரில் உண்டு. அந்த மாதிரி ஏமாற்று வேலைக்கு நீங்கள் இடம் தரவில்லை. சென்னை விமான நிலையத்தை விட்டு நகரும் முன்பே எங்களில் சிலர் மனைவியை விட்டார்கள், சிலர் மாத்திரையை விட்டார்கள், எட்டுப் பேர் காசியையே விட்டார்கள். இவ்வளவு துறவை இந்தக் கட்டணத்தில் வேறு எந்த நிறுவனமும் தர முடியாது. அதற்காக முதலில் நன்றி.

நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மகாளய அமாவாசைக்குக் காசியில் தர்ப்பணம் செய்யக் கிளம்பிய எங்கள் ஊர்க் குழுவுக்கு ஒருங்கிணைப்பாளர் என்ற பதவி, வேறு யாரும் ஏற்க முன்வராததால், என் தலையில் விழுந்தது. ராமேஸ்வரத்தில் மணல் எடுத்து, திரிவேணி சங்கமத்தில் கரைத்து, கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்வது முறை. ராமேஸ்வரத்திலிருந்தே பனாரஸுக்கு வாராந்திர ரயில் இருக்கிறதே என்று பெரியவர்கள் சொன்னார்கள். இரண்டு நாள் ரயிலில் குலுங்குவதா, விமானம் இரண்டரை மணி நேரத்தில் இறக்கிவிடுமே என்று சென்னையிலிருக்கும் பிள்ளைகள் சொன்னார்கள். பணம் போடுவது பிள்ளைகள் என்பதால் விமானம் வென்றது.

டிக்கெட் எடுக்கும்போதே உங்கள் கணக்குப் பாடம் தொடங்கிவிட்டது. இணையத்தில் ஒரே பதிவில் 9 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. பத்தாவது ஆள் வந்ததும் நாங்கள் பயணிகள் என்ற அந்தஸ்தை இழந்து ‘குழு’ ஆனோம். குழுவுக்குத் தனி விலை, தனி முன்பணம், தனி நிபந்தனைகள், ஒரே ஒரு பி.என்.ஆர். ஆறு எழுத்துக்குள் 42 பேரை அடைத்தீர்கள். தொடர்பு எண்ணும் ஒன்றே ஒன்றுதான், அது பயண ஏஜென்டுடையது. ஆக, 42 என்பது 1-க்குச் சமம். இதை நாங்கள் முழு மனதோடு ஏற்றுக் கையெழுத்தும் போட்டோம்.

விமானம் ஞாயிறு காலை 6.10-க்கு. முந்தைய இரவு 11.40-க்கே ரத்துச் செய்தியை அனுப்பிவிட்டோம் என்கிறீர்கள். அனுப்பினீர்கள், மறுக்கவில்லை. அது ஏஜென்டின் கைபேசிக்குப் போனது. அவர் தங்கை மகள் வளைகாப்பில் சாப்பிட்ட களைப்பில், கைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் பேருந்தில் விழுப்புரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தோம். எங்கள் 42 பேரின் பெயரும் வயதும் பாலினமும் உங்களிடம் இருந்தன. எங்களைக் கூப்பிடத்தான் எண் இல்லை, ஏனென்றால் நீங்கள் கேட்கவில்லை.

விமான நிலையத்தில் இறங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. உங்கள் இணையதளம், ‘மாற்று விமானத்தைத் தேர்ந்தெடுக்க இங்கே தொடவும்’ என்றது. தொட்டோம். ‘குழுப் பதிவுகளுக்கு இந்த வசதி இல்லை, குழுப் பயணப் பிரிவைத் தொடர்புகொள்ளவும்’ என்றது. உங்கள் பிரிவின் அலுவல் நேரம் திங்கள் முதல் சனி வரை, காலை 9.30 முதல் மாலை 6 வரை. ஞாயிற்றுக்கிழமையும் விமானம் பறக்கிறது, ரத்தாகிறது. குழுவாக வந்தவர்கள்தான் திங்கட்கிழமை வரை பொறுத்துப் பாதிக்கப்பட வேண்டும்.

கவுன்ட்டரில் நின்ற பெண் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். இரவெல்லாம் நின்றிருப்பாள் போலிருக்கிறது. “அங்கிள், இது குரூப் பி.என்.ஆர். எங்க சிஸ்டத்துல ஓப்பன் ஆகாது” என்றாள். எங்களோடு வந்த 81 வயதுப் பெரியம்மா முன்னால் போய், “ஆத்தா, உன் சிஸ்டத்துக்குள்ள நாங்க இல்லாட்டிப் போறோம். வெளியில நிக்கிறோமே, ஒரு தரம் எண்ணிப் பாரு” என்றார். அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மாற்று விமானத்துக்குக் காத்திருப்பவர்களுக்குச் சிற்றுண்டி தர வேண்டும் என்று விதி இருப்பதை எடுத்துச் சொன்னதும் கூப்பன் வந்தது. ஒரே கூப்பன். அதில் ‘42 பேருக்கு’ என்று பேனாவால் எழுதியிருந்தது. கடைக்காரர், ஒரு கூப்பனுக்கு ஒரு தட்டுதான் என்றார். உங்கள் கணக்கை உங்களைவிட அவர் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்.

பதினொரு மணிக்கு டியூட்டி மேனேஜர் ஒரு பட்டியலோடு வந்தார். இங்கேதான் கணக்கு திடீரென்று மாறியது. 11 பேர் அன்று மாலை ஹைதராபாத் வழியாக. 9 பேர் மறுநாள் டெல்லி வழியாக. 14 பேர் செவ்வாய்க்கிழமை நேரடி விமானத்தில், அதாவது அமாவாசை முடிகிற அந்திக்குக் காசி சேரும் விமானத்தில். மீதி 8 பேருக்குப் பணம் வாபஸ். காலைவரை ஒன்றாக இருந்த நாங்கள் நொடியில் நாற்பத்திரண்டாகிவிட்டோம்.

எந்த அடிப்படையில் பிரித்தீர்கள் என்று கேட்டேன். ஆங்கில அகர வரிசையாம். கணவர் ஹைதராபாத், மனைவி டெல்லி. பெரியப்பாவின் இன்சுலின் பெரியம்மாவின் பையில், பெரியம்மா செவ்வாய்க்கிழமையில். ராமேஸ்வரத்து மணல் டெல்லிப் பட்டியலில், அதற்கான சங்கல்பம் செய்துவைக்க வேண்டிய சாஸ்திரிகள் வாபஸ் பட்டியலில். நல்லவேளை, இது கல்யாணக் கோஷ்டி இல்லை. மாப்பிள்ளை ஒரு விமானத்திலும் தாலி இன்னொன்றிலும் போயிருக்கும். கபடி அணியாக இருந்திருந்தால் ஐந்து பேர் மட்டும் களத்தில் இறங்கியிருப்பார்கள்.

ஊருக்கு வந்ததும் இழப்பீடு கேட்டு எழுதினேன். உங்கள் பதிலைப் படித்தபோது கணக்கு வாத்தியார் என்ற முறையில் எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. நாங்கள் மறுபடியும் ஒன்றாகிவிட்டிருந்தோம். ‘பதிவில் கொடுக்கப்பட்ட எண்ணுக்குத் தகவல் அனுப்பப்பட்டது, மற்ற பயணிகளின் போதிய தொடர்பு விவரம் தரப்படவில்லை’ என்று எழுதியிருந்தீர்கள். போதிய தொடர்பு விவரம் தராத பயணிக்கு இழப்பீடு கிடையாது என்று விதியில் இருப்பது உண்மைதான். ஒரே எண்ணுக்கு மட்டும் கட்டம் போட்ட படிவத்தைக் கொடுத்துவிட்டு, மீதி 41 எண்களை ஏன் எழுதவில்லை என்று கேட்பதற்கும் ஒரு விதி இருக்கிறதா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

வாபஸ் பணம் ஏஜென்டின் கணக்குக்குப் போய்விட்டது, அவரிடம் கேளுங்கள் என்றீர்கள். அவர், இன்னும் வரவில்லை, அவர்களிடம் கேளுங்கள் என்றார். ஏஜென்ட் மூலம் வாங்கிய டிக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதுதான், ஏஜென்ட் அதன் பிரதிநிதி மட்டுமே என்று தலைமை இயக்குநரகம் எழுதிவைத்திருக்கிறது. நகல் அவர்களுக்கும் போவதால் இதை இங்கே சற்று அழுத்தி எழுதுகிறேன்.

இந்தச் சாக்கில் விதிகளை முழுவதும் படித்தேன். 2010-இல் வந்து 2016-இல் திருத்தப்பட்டவை. விமானம் ரத்தாவதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு 10,000 ரூபாய், அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது. குழுவுக்குச் சலுகை என்று அடிப்படைக் கட்டணத்தைக் குறைத்துப் போடுகிறீர்களே, அதன் தத்துவம் இந்த வரியைப் படித்த பிறகுதான் விளங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் டிக்கெட்டின் விலையைப் பார்ப்பதில்லை. தூரத்தைப் பார்த்துத் தலைக்கு 250 முதல் 600 யூரோ வரை. அங்கே கணக்கு வாத்தியார்கள் பலவீனம் போலிருக்கிறது.

இன்னொரு விதி அதைவிட ருசிகரமானது. டிக்கெட் உறுதியான ஒரு பயணியை ஏற்றாமல் விட்டுவிட்டு, 24 மணி நேரத்துக்குள் மாற்று விமானமும் தராவிட்டால் இழப்பீடு 20,000 ரூபாய் வரை போகும். ஆனால் விமானத்தையே ரத்து செய்து அத்தனை பேரையும் விட்டுவிட்டால் தலைக்கு 10,000-ஐத் தாண்டாது. ஒருவரைத் தவிக்க விட்டால் சில்லறை விலை, எல்லோரையும் தவிக்க விட்டால் மொத்த விலைத் தள்ளுபடி.

ரத்துக்குக் காரணம் ‘செயல்பாட்டுக் காரணங்கள்’ என்றீர்கள். நிறுவனத்தின் கைமீறியவை என்று விலக்குத் தரும் காரணங்களை விதி பட்டியலிட்டிருக்கிறது. இயற்கைப் பேரிடர், உள்நாட்டுப் போர், கலவரம், வெள்ளம், குண்டுவெடிப்பு, வேலைநிறுத்தம், வானிலை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் பார்த்தேன். உள்நாட்டுப் போருக்கும் வெள்ளத்துக்கும் நடுவில்கூட ‘செயல்பாட்டுக் காரணம்’ இல்லை.

அது என்ன என்பது 2025 டிசம்பர் தொடக்கத்தில் ஓரளவு விளங்கியது. உங்கள் போட்டியாளரான இண்டிகோ சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு தர வேண்டும் என்ற புதிய விதிக்கு ஏற்ப ஆட்களைத் திட்டமிடாததுதான் பெருங்காரணம். விதி 2024 ஜனவரியில் வெளியானது. முழுவதும் அமலுக்கு வந்தது 2025 நவம்பரில். இவ்வளவு நாள் முன்னதாகத் தெரிந்த ஒன்றும் திடீரென்று நிகழலாம் என்பதைப் பள்ளிக்கூடத்தில் முழுப் பரீட்சை சமயத்தில் நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பையன்களை நாங்கள் ‘செயல்பாட்டுக் காரணங்களால்’ பாஸ் போடவில்லை.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 180 இருக்கை விமானம் எண்பது சதவீதத்துக்கு மேல் நிரம்பிப் பறக்கிற காலத்தில், அடுத்த விமானத்தில் முப்பத்தாறுக்கும் குறைவான இடம்தான் மிஞ்சும். 42 பேரை அதில் திணிக்க முடியாது. எங்களைப் பிரித்தது குற்றமல்ல. யார் யாரோடு போக வேண்டும் என்று எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் பிரித்ததுதான் குற்றம். கால் மணி நேரம் கொடுத்திருந்தால், மருந்து வேண்டியவர்கள், துணை வேண்டியவர்கள், திதி கொடுக்க வேண்டியவர்கள் என்று நாங்களே பிரித்துத் தந்திருப்போம். செவ்வாய்க்கிழமை போனால் போதும் என்கிற இளவட்டங்கள் எங்களில் பத்துப் பேராவது இருந்தார்கள்.

ஆகவே, தலைமை இயக்குநரகத்துக்கு என் விண்ணப்பம் இதுதான். குழுப் பதிவிலும் ஒவ்வொரு பயணியின் எண்ணையும் வாங்கி, ரத்துச் செய்தியை ஒவ்வொருவருக்கும் அனுப்ப வேண்டும். பிரிக்க நேர்ந்தால், யார் எந்த விமானத்தில் என்பதைக் குழுவே முடிவு செய்ய வேண்டும். ஒரு பகுதியினர் போக முடியாமல் போனால், மற்றவர்களும் விரும்பினால் முழுப் பணத்தையும் திரும்பப் பெற வேண்டும். விமானம் பறக்கும் நேரமெல்லாம் குழுப் பயணப் பிரிவில் யாராவது தொலைபேசியை எடுக்க வேண்டும். நான்குமே ராக்கெட் விடுகிற வேலை இல்லை.

உங்களுக்கும் ஒரு தகவல். எட்டுப் பேர் அன்றிரவே திரும்பி, ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் தர்ப்பணம் செய்தார்கள். ஹைதராபாத் வழியாகவும் டெல்லி வழியாகவும் போன இருபது பேர் காசியில் செய்தார்கள். செவ்வாய் மாலை போய்ச் சேர்ந்தவர்களின் பிதுர்கள் வந்து காத்திருந்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். அவர்களுக்கு மறுபதிவு வசதி கிடையாது.

அடுத்த ஆண்டு மீண்டும் போகிறோம். உங்கள் நிறுவனத்துடனான பயணத்தைச் செயல்பாட்டுக் காரணங்களால் ரத்து செய்து, ரயிலில் போவதென்று குழு தீர்மானித்துவிட்டது. இது பற்றிய அறிவிப்பை உங்கள் நிறுவனத்தில் ஒரே ஒருவருக்கு, இரவு 11.40-க்கு, குறுஞ்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் எல்லோருக்கும் அவர் சொல்லிவிடுவார் என்று நம்புகிறேன். சொல்லாவிட்டால், மற்றவர்களின் போதிய தொடர்பு விவரத்தை நீங்கள் தரவில்லை என்று பொருள்.

இப்படிக்கு,
உங்கள் பதிவேட்டில் ஒருவராகவும் உங்கள் வசதிக்கு நாற்பத்திரண்டு பேராகவும் இருக்கும்,
குழு ஒருங்கிணைப்பாளர்.