பில்கோள் படலம்

சென்னைக்கு வந்த வெளியூர்க்காரரும், சென்னையிலேயே குடியிருக்கும் அவருடைய நண்பரும் ஓட்டலில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் மேசைக்கு ஒரு பில் வருகிறது. அதைக் கைப்பற்ற இருவருக்கும் இடையே மூளும் போருக்கு இன்றுவரை யாரும் முறையாக இலக்கணம் வகுக்கவில்லை. எந்தத் தெருவில் எந்தத் தோசை நன்றாக இருக்கும் என்று சொல்ல ஆயிரம் பேர் கேமராவோடு அலைகிறார்கள். தோசைக்குப் பிறகு நடப்பதை ஒருவரும் படம் பிடிப்பதில்லை. அந்தக் குறையைப் போக்கவே இச்சிறு முயற்சி.

முன்னோர் நூல்களில் நேரடிச் சான்று குறைவு. திருக்குறளின் 9ஆம் அதிகாரம் விருந்தோம்பல். பத்துக் குறளும் விருந்து படைப்பவனை நோக்கியவை. வந்த விருந்தாளி சட்டென்று பர்ஸை எடுத்தால் என்ன செய்வது என்பதற்கு அதில் வழியில்லை. ஆற்றுப்படை நூல்கள் கொஞ்சம் கிட்டத்தில் வருகின்றன. பெரும்பாணாற்றுப்படையில், பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன் வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்குக் காஞ்சிக்கு வழி சொல்கிறான். போகிற வழியில் எந்த மக்களிடம் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதையும் விடாமல் சொல்லிவிடுகிறான். சென்னை நண்பர் போனில் செய்வதும் இதுதான்: "எழும்பூர்ல எறங்கி பூந்தமல்லி ஹைரோடு பக்கம் வெளிய வந்துராத, இந்தப் பக்கம் வா. ஸ்டேஷன்ல எதையும் வாங்கித் தின்னு வயித்த ரொப்பிக்கிடாத." ஆனால் அங்கே வழி சொன்ன பாணன் காசு கொடுக்கவில்லை, கொடுத்தவன் தொண்டைமான் இளந்திரையன். இங்கே வழி சொல்கிற பாணனே இளந்திரையனாகவும் இருக்க ஆசைப்படுகிறான். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆகவே புறத்திணைக்குத்தான் போக வேண்டும். பகைவர் ஆநிரையைக் கவர்ந்து வருவது வெட்சி. தொல்காப்பியர் அதற்குப் பதினான்கு துறைகள் சொல்கிறார். அவற்றில் விரிச்சி, வேய், ஆகோள், பாதீடு, உண்டாட்டு, கொடை ஆகியவை ஓட்டல் மேசைக்குக் கச்சிதமாகப் பொருந்துகின்றன. (வெட்சிப் பூவுக்கு நம் வீடுகளில் இட்லிப்பூ என்று பெயர். இதையும் ஒரு சான்றாகக் காட்டும் ஆசை எனக்கு உண்டு. அடக்கிக்கொள்கிறேன்.)

விரிச்சி என்பது போருக்குக் கிளம்புமுன் யாரோ தற்செயலாகப் பேசும் சொல்லை நிமித்தமாகக் கேட்பது. ஓட்டலில் அந்தச் சொல் சப்ளையரிடம் ஆர்டர் கொடுக்கும்போதே காதில் விழுந்துவிடும். "எனக்கு ரெண்டு இட்லி போதும்" என்பவர், காசு நண்பர்தான் கொடுக்கப்போகிறார் என்று கூச்சப்படுகிறவர். "இவருக்கு ஒரு நெய் ரோஸ்ட், கூட ஒரு வடை, அதுக்கு முன்னாடி ஒரு கேசரி" என்று அடுத்தவர் வயிற்றுக்கு ஆர்டர் கொடுப்பவர், தானே கொடுப்பதென்று தீர்மானித்துவிட்டவர். இருவரும் மாறி மாறி மற்றவருக்கு நெய் ரோஸ்ட் சொன்னால் போர் கடுமையாக இருக்கும். இருவருமே இரண்டு இட்லியோடு நின்றுகொண்டால், அந்த நட்பைப் பற்றி ஆய்வாளன் பேசுவது நாகரிகமல்ல.

வந்தவர் திருநெல்வேலிக்காரர் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். முந்தின நாள் சாயங்காலம் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடையில் வரிசையில் நின்று அல்வா வாங்கிக்கொண்டு, நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கும் மனிதர், கொடை என்னும் கடைசித் துறையை முதலிலேயே முடித்துவிட்டுக் களத்துக்கு வருகிறார். நெய் கசியும் அந்தப் பொட்டலத்தைக் கையில் வாங்கிய கணமே சென்னை நண்பருக்கு ஓட்டல் பில் கடமையாகிவிடுகிறது. கெட்டிக்காரர்கள் அல்வாவைச் சாப்பாட்டுக்குப் பிறகே பையிலிருந்து எடுக்கிறார்கள்.

அடுத்தது உண்டாட்டு. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திருவல்லிக்கேணியில் 1948 முதல் இருக்கும் ரத்னா கபேயில் சாம்பார் இட்லி சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்: ஜக்கில் சாம்பாரோடு ஆள் வந்து ஊற்ற ஊற்ற, இட்லி சிறு தீவாகி, பிறகு தீவும் மறைந்துவிடும். அந்த நேரத்தில் மட்டும் இரு தரப்பும் போரை மறந்திருக்கும். இலக்கண நோக்கில் ஒன்றைக் குறித்தாக வேண்டும். தொல்காப்பியத்தின் வரிசைப்படி முதலில் ஆகோள், அதாவது கவர்தல், பிறகு பாதீடு, அதற்குப் பிறகுதான் உண்டாட்டு. சென்னை ஓட்டல்களில் இது தலைகீழாகிவிட்டது. முன்பே காசு கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு உட்காரும் மெஸ்களில்தான் பழைய மரபு அழியாமல் இருக்கிறது. அங்கே கல்லா முன்னால், வெறும் வயிற்றோடு, பசி தரும் வேகத்தோடு போர் நடக்கிறது. பசித்தவன் பெரும்பாலும் விட்டுக்கொடுத்துவிடுவான் என்பது என் கணிப்பு.

இனி வேய், அதாவது ஒற்று. இந்தத் துறைதான் இன்று மிகுந்த வளர்ச்சி கண்டிருக்கிறது. வலது கையால் சாப்பிடுகிறோம். சாப்பிட்ட கையால் பில்லைத் தொட முடியாது. இடது கை சும்மாதான் இருக்கிறது. ஆனால் இடது கையால் பணம் நீட்டினால் கல்லாக்காரர் முகம் மாறும். ஆகவே கை கழுவாமல் போர் இல்லை. யார் முதலில் எழுந்து போவது? முதலில் போனால், நாம் இல்லாத நேரத்தில் பில் மேசைக்கு வந்து நண்பர் கையில் சேர்ந்துவிடலாம். உட்கார்ந்தே இருந்தால், கை கழுவப் போகிற சாக்கில் அவர் கல்லாவைத் தொட்டுவிட்டு வரலாம். பழம்பெரும் ஓட்டல்களில் வாஷ்பேசினைக் கல்லாவுக்குப் போகிற வழியிலேயே வைத்திருப்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

முதலில் எழுந்தவரைக் கூர்ந்து கவனிப்போம். கழுவிய கையை உதறிக்கொண்டே கல்லாப் பக்கம் ஒதுங்குகிறார். போனை எடுத்துக் கட்டைவிரலை வைக்கிறார். ஈர விரலைப் போன் ஏற்பதில்லை. பேன்ட்டில் துடைத்து மறுபடி வைக்கிறார், மறுபடியும் மறுப்பு. எண்களைத் தட்டித் திறந்து, கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் ஸ்டிக்கருக்கு நேரே பிடித்து, தொகையை அடித்து, ரகசிய எண்ணையும் அடித்தபின் திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவர் கண் வட்டத்திலும் முதுகு நண்பரிடத்திலுமாக நிற்கிறார். கடைசியில் வட்டம் பச்சையாகிறது. அவர் ஒன்றும் நடக்காதது போலத் திரும்புகிறார். அதற்குள் கல்லாவில் இருக்கும் ஒலிப்பெட்டி, இத்தனை ரூபாய் பெறப்பட்டது என்று மாவாட்டுகிறவருக்கும் கேட்கும்படி முழங்கிவிடுகிறது. யுபிஐ 2016இல் வந்தபோது பில்கோளில் ஒற்றர்களின் பொற்காலம் தொடங்கியது. ஒலிப்பெட்டி அதை முடித்துவைத்தது. வாகைப் பறை முழங்கலாம்; ஆனால் ஒற்றன் இன்னும் பகைவர் நாட்டுக்குள் இருக்கும்போதே முழங்கக் கூடாது.

பண நோட்டுக் காலத்துப் போர் இன்னும் நேரடியானது. கதீட்ரல் சாலையில் 1962 முதல் 2008 வரை இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் அதற்கு நல்ல களம். காரிலேயே உட்கார்ந்திருக்கலாம், தட்டு ஜன்னலுக்கு வரும், பில்லும் ஜன்னலுக்கே வரும். எந்த ஜன்னலுக்கு வருகிறதோ அந்தப் பக்கத்துக்காரருக்கு வெற்றி. மற்றவர் கியர் கம்பிக்கு மேலாகக் கையை நீட்ட வேண்டும், இல்லை கதவைத் திறந்து காரைச் சுற்றிக்கொண்டு ஓட வேண்டும். இப்போது அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா இருக்கிறது, 2010இல் திறந்தார்கள். புறத்திணைக் களம் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வைக்க முடியாது.

இங்கே ஓர் இலக்கணப் பூசலையும் தீர்க்க வேண்டியிருக்கிறது. நண்பர் பிடித்துவிட்ட பில்லை அவர் கையிலிருந்து திரும்பப் பிடுங்குவது கரந்தை. கவர்ந்து போன ஆநிரையை மீட்பது போல. தொல்காப்பியர் இதை வெட்சிக்குள்ளேயே அடக்கிவிடுகிறார். புறப்பொருள் வெண்பாமாலை எழுதிய ஐயனாரிதனார் தனித் திணையாக்குகிறார். நான் ஐயனாரிதனார் கட்சி. கவரும்போது இருந்த புன்னகை மீட்கும்போது இருப்பதில்லை. குரல் ஏறும், நாற்காலி பின்னால் நகரும், பில் நடுவில் கிழியும். சப்ளையர் இரண்டு துண்டையும் வாங்கிக்கொண்டு போய் இன்னொன்று அடித்துக்கொண்டு வருவார். இவையெல்லாம் வெட்சிக்கு உரியவை அல்ல. ஐயனாரிதனார் கைக்கிளையையும் தம் நூலில் சேர்த்திருக்கிறார். கை பின் பாக்கெட்டுக்குப் போகும்; அங்கேயே தங்கிவிடும்; "அட, இருங்க இருங்க" என்று வாய் மட்டும் சொல்லும். ஒருதலைப்பட்ட இந்தப் போரை அந்தத் திணையில்தான் வைக்க முடியும்.

போர்க்களத்தில் பேசப்படும் சொற்கள் அதிகம் மாறுவதில்லை. வேளச்சேரிவாசியும் பாளையங்கோட்டைக்காரரும் கையைப் பிடித்துக்கொண்டிருக்கையில் கேட்டது:

"ஏலே, கைய எடு. என் ஊருக்கு வந்துட்டு நீ குடுக்கதா?"

"ஒன் ஊரா? இது எப்பலே ஒன் ஊராச்சு?"

"ஊருக்கு வரும்போது நீ குடு. நான் வேண்டாம்னா சொன்னேன்?"

"ஒவ்வொரு வாட்டியும் இதத்தாம்ல சொல்லுத. ஊருக்கு வந்தா கல்யாண வீட்டுலதான தின்னுட்டுப் போற."

என் ஆய்வின் முடிச்சு இந்த நான்கு வரிக்குள் இருக்கிறது. வேளச்சேரிக்காரர் வருஷம் பூராவும் 'எங்க ஊர்ல' என்று ஆரம்பித்தால் அது திருநெல்வேலிதான். சென்னைத் தண்ணீரைத் திட்டுவார், புழுக்கத்தைத் திட்டுவார், மழைக்குத் தெருவில் தேங்குவதைத் திட்டுவார். இருப்பது வாடகை வீடு. ஓட்டு ஊரிலேயே இருக்கிறது. பில் மேசையில் விழுகிற அந்த ஒரு நிமிடம் மட்டும் சென்னை அவருடைய ஊராகிவிடுகிறது. நாலு காசு கொடுத்து அதைப் பதிவு செய்துகொள்ளத் துடிக்கிறார். சில நூறு ரூபாய்க்குச் சென்னையில் வேறெதையும் உரிமை கொண்டாட முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பாளையங்கோட்டைக்காரர் மறுப்பது காசு மிச்சமாவதையல்ல. நண்பன் இந்த ஊர்க்காரனாகிவிட்டான் என்பதை ஒப்புக்கொள்ள அவருக்கு மனமில்லை. இங்கே நீயும் நானும் விருந்தாளிகள்தான், ஆகவே யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது அவர் வாதம். பிறந்த சென்னைக்காரரோடு சாப்பிடப் போய்ப் பாருங்கள். அவர் இவ்வளவு மல்லுக்கட்டுவதில்லை. "சரி, நீ குடு, காபி நான்" என்று எழுந்துவிடுவார். அவர் ஊரை யாரும் பிடுங்கிவிட முடியாது.

மிச்சமிருப்பது பாதீடு, கவர்ந்து வந்த நிரையைப் பங்கிடுவது. பழைய மஹாபலிபுரம் சாலை ஓட்டல்களில் இளைஞர்கள் போரே இல்லாமல் நேராக இந்தத் துறைக்கு வந்துவிடுகிறார்கள். ஒருவர் கொடுக்க, மற்றவர்கள் அங்கேயே போனில் பங்கை அனுப்பிவிடுகிறார்கள். "நான் லஸ்ஸி சாப்பிடல" என்பதும் கணக்கில் வந்துவிடும். நாற்பதைத் தாண்டிய என் போன்றவர்களுக்கு இது உறுத்துகிறது. சப்ளையர் வந்து "பில் ஒண்ணா, தனித்தனியா சார்?" என்று கேட்டால், ஏதோ சொத்துத் தகராறில் மாட்டிக்கொண்டது போல இருவரும் ஒரே குரலில் "ஒண்ணு, ஒண்ணு" என்கிறோம். ஆனால் அந்த ஒரே பில்லின் அடியைப் படித்துப் பாருங்கள். 2017 நவம்பர் முதல் பெரும்பாலான உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதில் இரண்டரை மத்திய அரசுக்கு, இரண்டரை மாநில அரசுக்கு. ஓட்டலில் முகம் கோணாமல் சரிபாதி பிரித்துக்கொள்கிறவர்கள் அவர்கள் இருவர் மட்டும்தான். மற்ற விஷயங்களில் அவர்களுக்குள் எப்படியோ.

தோற்றவருக்கு ஆறுதலாக டிப்ஸ் கொடுக்கும் உரிமை இருந்தது. முன்பெல்லாம் பில் அட்டைக்குள் மீதிச் சில்லறை வரும். சோம்பைக் கொறித்துக்கொண்டே தோற்றவர் அதோடு இன்னொரு பத்து ரூபாயைச் செருகித் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்வார். இப்போது மீதியே வருவதில்லை. பாளையங்கோட்டைக்காரர் சட்டைப் பையைத் தடவுகிறார், பர்ஸைத் திறக்கிறார். உள்ளே ரயில் டிக்கெட்டும் ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டும். வேளச்சேரிக்காரர் பர்ஸே கொண்டுவரவில்லை. "அண்ணே, ஒங்ககிட்ட ஜிபே இருக்கா?" என்று சப்ளையரிடம் கேட்டு, அவர் நம்பரைச் சொல்லச் சொல்கிறார்கள். அவர் கண் இவர்கள் நாற்காலிகளைப் பிடித்தபடி நிற்கும் குடும்பத்தின் மேல் இருக்கிறது. அந்தக் குடும்பத்துச் சிறுவன் ஏற்கெனவே மேசையில் ஒரு கையை வைத்துவிட்டான்.

"அதெல்லாம் வேணாம் சார். எந்திரிச்சீங்கன்னா போதும்."