பனியை முன்கூட்டியே உருக்கித் தர வேண்டி

பெறுநர்: ஐஸ்லாந்து நாட்டின் சாலைகளுக்குப் பொறுப்பான உயர் அதிகாரி அவர்கள்.

பொருள்: குடும்பச் சுற்றுலா – ஒன்றாம் எண் வளையச் சாலை – ஆறு, காற்று, எரிமலை ஆகியவை ஒத்துழைக்க மறுப்பது – தொடர்பாக.

பார்வை: எங்கள் வீட்டு எக்செல் தாள் (திருத்தப்பட்டது).

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வரும் மே மாதம் அத்தை உட்பட நாங்கள் ஆறு பேர் உங்கள் நாட்டைக் காரிலேயே ஒரு சுற்று சுற்றிவிடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். வளையச் சாலை சுமார் 1,300 கிலோமீட்டர். கையில் இருப்பது 7 நாள். கால் மணி நேரக் கட்டங்களாகப் பிரித்து அட்டவணை போட்டாயிற்று. அருவி ஒன்றுக்கு 20 நிமிடம், எரிமலைக்கு 30, புளியோதரைக்கு 15. மூலிகைப் பொடி முதல் ஊறுகாய் வரை பெட்டி கட்டும் பொறுப்பும் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. இழுபறி உங்கள் தரப்பில் மட்டுமே இருப்பதால் இந்த மனு.

முதலில் உங்கள் வரைபடம். நீங்கள் இணையத்தில் வைத்திருக்கும் சாலை நிலவரப் படத்தைப் பார்த்தோம். போகலாம் என்றால் பச்சை, மூடியிருந்தால் சிவப்பு. எந்த மேட்டில் எவ்வளவு காற்று என்பதை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று வேறு எழுதி வைத்திருக்கிறீர்கள். இதெல்லாம் பொதுமக்களிடம் சொல்லக்கூடிய விஷயமா? எங்கள் பயண ஏஜென்ட் தந்த வண்ணக் கையேட்டில் எல்லாச் சாலையும் ஒரே மஞ்சள் நிறத்தில், வெண்ணெய் தடவியது போல் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் முன்பணம் கட்டினோம். ஓர் அரசுத் துறை ‘ஆவன செய்யப்படும்’ என்று சொல்ல வேண்டும், அதுதான் முறை. ‘மூடப்பட்டுள்ளது’ என்று ஒரே வார்த்தையில் உண்மையைப் போட்டு உடைப்பதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

அடுத்து நாட்டின் உட்பகுதி மலைச் சாலைகள். எண்ணுக்கு முன்னால் ‘எஃப்’ போட்டவை. அவற்றில் நான்கு சக்கரத்துக்கும் இழுவை உள்ள வண்டிதான் போகலாமாம். சரி, எடுத்துக்கொள்கிறோம். ஆனால் பனி உருகி, மண் இறுகிய பிறகே, அதாவது ஜூன் பாதியிலிருந்து ஜூலைக்குள் ஒவ்வொன்றாகத் திறப்பீர்கள் என்பதும், எது எந்தத் தேதி என்பதை முன்கூட்டியே சொல்ல மாட்டீர்கள் என்பதும் எப்படி நியாயம்? எங்கள் பிள்ளைகளுக்கு ஏப்ரல் கடைசியிலிருந்து விடுமுறை. ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறந்துவிடும். இரு நாட்டு அதிகாரிகளும் உட்கார்ந்து பேசினால் தீராத பிரச்சினை இது அல்ல. பனியைச் சித்திரைக்குள் உருக்கித் தந்தால் போதும். அந்தச் சாலைகளில் சில ஆறுகளுக்குப் பாலமே கிடையாது, வண்டியை நேராகத் தண்ணீரில் இறக்க வேண்டும் என்பதைப் பற்றி இப்போதைக்கு நான் எதுவும் சொல்லவில்லை. அத்தைக்கு இன்னும் தெரியாது.

பாலம் என்றதும் உங்கள் துறையின் பழைய கோப்புகளையும் புரட்டிப் பார்த்தேன். வளையம் முழுமையடைந்ததே 1974-ல், தென்கிழக்கே ஸ்கெய்தரா ஆற்றின் மேல் நீண்ட பாலம் போட்ட பிறகுதான். அதுவரை அந்த ஆறு பாயும் மணல்வெளிக்குக் கிழக்கே இருந்தவர்கள் தலைநகருக்கு வர வேண்டுமானால் வடக்கே சுற்றித்தான் வந்திருக்கிறார்கள். 1996-ல் வத்னயோகுத்ல் பனிமலைக்கு அடியில் எரிமலை வெடித்து, நவம்பரில் பெருவெள்ளம் வந்து பாலத்தின் ஒரு பகுதியை அடித்துப் போனது. பக்கத்து ஆற்றுப் பாலம் மொத்தமும் போய்விட்டது. முறுக்கிப் போட்ட இரும்பு உத்திரங்களைச் சாலையோரம் காட்சிக்கு வைத்திருக்கிறீர்கள். தோல்வியைக் காட்சிக்கு வைக்கும் பொதுப்பணித் துறையை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. போகட்டும். பாலத்தைச் சரிசெய்து நிமிர்ந்தால், 2009-ல் அந்த ஆறே படுகையை மாற்றிக்கொண்டு பக்கத்து ஆற்றோடு சேர்ந்துவிட்டது! நாட்டிலேயே நீளமான பாலம் மணலைப் பார்த்தபடி நின்றது. 2017-ல் சிறியதாக வேறொரு பாலம் போட்டு அதை ஓய்வுபெற வைத்தீர்கள். ஆறு இடம் மாறுவதற்கு முன்அனுமதி வாங்கியதா, வாங்கவில்லை என்றால் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்பதைத் தெரியப்படுத்தவும்.

2010-ல் எய்யாஃப்யாத்லயோகுத்ல் எரிமலை வெடித்தபோது நீங்கள் செய்ததோ இன்னும் மோசம். பனி உருகி வெள்ளம் வருகிறது என்றதும், மார்கர்ஃப்ல்யோட் ஆற்றுப் பாலத்தைக் காப்பாற்ற, உங்கள் ஆட்களே பொக்லைனை வைத்து வளையச் சாலையைச் சில இடங்களில் வெட்டித் திறந்துவிட்டார்கள். தண்ணீர் அந்த வழியே போனது, பாலம் பிழைத்தது. சாலைத் துறையே சாலையை வெட்டுவது எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் கேபிள் பதிக்க வெட்டுவார்கள், மூட மாட்டார்கள். நீங்கள் மூடிவிட்டீர்கள். 2011 ஜூலையில் மூலக்விஸ்ல் பாலம் வெள்ளத்தில் போனபோது ஒரே வாரத்தில் தற்காலிகப் பாலம் கட்டி வண்டி விட்டீர்களாமே. டெண்டர் எப்போது விட்டீர்கள்? அடிக்கல் யார் நாட்டினார்? திறப்பு விழாவுக்குப் பந்தல் போட அவகாசம் இருந்ததா? 2024 ஜூலை கடைசியிலும் இதே கதை: சாலையில் வெள்ளம், இரண்டொரு நாளில் போக்குவரத்து. இந்த அவசரத்தால், வழி மூடியதைக் காரணம் காட்டி அறை முன்பணத்தைத் திரும்பக் கேட்கும் வாய்ப்பை எங்களைப் போன்ற பயணிகள் இழக்கிறோம்.

வாகன விதிகளிலும் ஒரு தெளிவு தேவை. வளையச் சாலையில் இன்னும் பல பாலங்கள் ஒரே வண்டி போகும் அகலத்தில்தான் இருக்கின்றன. முதலில் வந்து சேர்ந்தவருக்கு வழி என்கிறீர்கள். எங்கள் ஊரில் இதற்கு எளிய வழக்கம் இருக்கிறது, யார் முதலில் ஹெட்லைட் அடிக்கிறாரோ அவருக்கு வழி. உங்கள் சட்டப்படி பட்டப்பகலிலும் எல்லோரும் விளக்கைப் போட்டுக்கொண்டே ஓட்ட வேண்டுமாம். எல்லோரும் எரிய விட்டால் எவர் அதட்டுகிறார், எவர் இறங்கி வருகிறார் என்பதை எப்படிக் கண்டுகொள்வது?

வாடகைக் கார் உங்கள் பொறுப்பில் இல்லை என்பது தெரியும். ஆனாலும் யாரிடமாவது சொல்ல வேண்டும். அந்தக் கம்பெனிகள் சரளைக் கல்லுக்கு ஒரு காப்பீடு, மணலுக்கும் எரிமலைச் சாம்பலுக்கும் இன்னொன்று என்று விற்கின்றன. ஆற்றில் இறக்கி எஞ்சின் போனாலும், திறந்த கதவைக் காற்று பின்பக்கமாக மடித்துப் போட்டாலும் பொதுவாக நம் செலவுதான். பஞ்சபூதங்களில் நிலமும் நெருப்பும் விலைக்குக் கிடைக்கின்றன, நீரும் காற்றும் கிடைப்பதில்லை. ஆகாயம் மட்டும் இலவசம் போலிருக்கிறது. அதுவும் மே மாதக் கடைசியில் இரவு 11 மணி தாண்டியும் வெளுத்தே கிடக்கும் என்பதால், அந்தி விளக்கை எப்போது ஏற்றுவது என்று அத்தை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அத்தையின் உண்மையான கவலை வேறு. சூலம். திங்களும் சனியும் கிழக்கே போகக் கூடாது, செவ்வாயும் புதனும் வடக்கே, வியாழன் தெற்கே, வெள்ளியும் ஞாயிறும் மேற்கே. ஊர் விட்டு ஊர் போகும் நேர்ச்சாலைக்கு இந்தக் கணக்கு போதும். நீங்கள் போட்டிருப்பதோ வளையம். அதிலும் கிழக்கு ஃபியோர்டுகளில் சாலை கடலோரமாக ஒரு கரையில் மேற்கே உள்ளே போகிறது, கோடியில் திரும்பி மறுகரையில் கிழக்கே வெளியே வருகிறது. எதிர்க்கரை கண்ணுக்கெதிரே தெரிகிறது, ஆனால் போய்ச் சேர வெகுநேரம். அட்டவணைப்படி நாங்கள் அங்கே இருப்பது திங்கட்கிழமை. ஒவ்வொரு ஃபியோர்டிலும் பாதி வழி சூலத்தில் போக வேண்டியிருக்கும். கிழக்குச் சூலத்துக்குத் தயிர் பரிகாரம். உங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ஸ்கைர், தயிர்க் கணக்கில் வருமா என்று எழுத்துப்பூர்வமாக உறுதி செய்தால், வழியெங்கும் வாங்கிக்கொள்கிறோம். நடுவே ஓக்சி என்ற கணவாயில் குறுக்குவழி ஒன்று இருப்பதாகவும், செங்குத்தான மண்பாதை என்றும், குளிர்காலம் முழுக்க மூடிக் கிடக்கும் என்றும் படித்தேன். மகன் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறான். நான் அழித்துவிட்டேன்.

கடைசியாக, தங்கள் துறையின் இரக்க குணத்தை நம்பி ஒரு கோரிக்கை. தலைநகருக்கு அருகே எரிமலைக் குழம்பு இறுகிய நிலத்தில் புதுச் சாலை போட்டபோது, கண்ணுக்குத் தெரியாமல் வாழும் மக்களின் தேவாலயம் என்று சிலர் நம்பிய பாறையை நீங்கள் உடைக்கவில்லை. 2015-ல் கிரேன் வைத்துத் தூக்கி, பத்திரமாக வேறிடத்தில் வைத்தீர்கள். கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கே இவ்வளவு செய்தவர்கள், டிக்கெட் எடுத்து வரும் ஆறு பேருக்காக யோகுல்சார்லோன் பனி ஏரியைச் சுமார் 190 கிலோமீட்டர் மேற்கே, வீக் ஊருக்குப் பக்கத்தில் நகர்த்தித் தரலாம். எக்செல் தாளில் ஒரு முழு நாள் மிச்சமாகும். வேலையும் பெரிதல்ல. பனிக்கட்டிகள் ஏற்கெனவே மிதந்து நகர்ந்துகொண்டுதான் இருக்கின்றன, திசையை மட்டும் நீங்கள் சொல்லிவிட்டால் போதும். வெள்ளி, ஞாயிறு தவிர.

இப்படிக்கு,
பயணத் திட்டக் குழுத் தலைவர்
(குடும்பத்தார் இன்னும் ஏற்கவில்லை)