பிகாசா ஓடுது சார், படம்தான் கோணலா இருக்கு!

கேள்வி: விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்தது என்று பயமுறுத்தியதால் 11-க்கு மாறிவிட்டேன். என் பிகாசா இனி ஓடுமா? (ஈரோடு வாசகர்)

பதில்: ஓடும். 2016 மார்ச்சிலேயே பிகாசாவைக் கைகழுவியது கூகுள்தான். விண்டோஸ் இன்னும் கைவிடவில்லை. பிகாசா 32-பிட் ஃபோட்டோ புரோகிராம். விண்டோஸ் 11 தான் 64-பிட்டாக இருந்துகொண்டு பழைய 32-பிட் ஆசாமிகளையும் உள்ளே விடுகிறது. அடம்பிடித்தால் ஐகானை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் 'கம்பேட்டிபிலிட்டி'க்குப் போய் விண்டோஸ் 7 என்று கொடுத்துப் பாருங்கள். கூகுள் அக்கவுண்டில் லாகின் செய்ய மட்டும் முயலாதீர்கள். அந்த சர்வீஸ் எப்போதோ மூடியாயிற்று.

கேள்வி: மேக்கில்? (சென்னை வாசகி)

பதில்: ஓடாது. 2019-இல் வந்த கேட்டலினா 32-பிட் புரோகிராம்களை ஒட்டுமொத்தமாக வாசலிலேயே நிறுத்திவிட்டது. அதற்கு மேல் குலதெய்வத்தைக் கும்பிட்டும் பயனில்லை. ஆப்பிள் தன் சொந்தப் பிள்ளையான அப்பெர்ச்சர் ஃபோட்டோ புரோகிராமையே அதே கேட்டலினாவில் ஓடவிடவில்லை. ஊரான் பிள்ளைக்கு இரக்கம் காட்டுமா? கேட்டலினாவுக்கு முந்தைய மொஹாவியோடு நின்றுபோன பழைய மேக் வீட்டில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: புது லேப்டாப்பில் பிகாசா போடலாம் என்று தேடினால் நூறு இடத்தில் 'டவுன்லோட்' பட்டன் மின்னுகிறது. எதை அமுக்குவது? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: மின்னுவதை அமுக்காதீர்கள். பழைய கம்ப்யூட்டரிலோ சிடியிலோ 3.9 பதிப்பின் செட்டப் ஃபைல் கிடக்கிறதா என்று முதலில் துழாவுங்கள். வெளியிலிருந்து எடுத்தால், இன்ஸ்டால் செய்யும் முன் அதன் பிராப்பர்ட்டீஸில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' பகுதியைப் பாருங்கள். கையெழுத்து கூகுளுடையதாக இருக்க வேண்டும். அந்தப் பகுதியே இல்லையென்றால் ஃபைலை அழித்துவிடுங்கள்.

கேள்வி: மகள் கல்யாணப் படங்களை ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பிகாசாவில் வெட்டி, நிமிர்த்தி, வெளிச்சம் கூட்டினேன். விண்டோஸ் 11-இல் திறந்தால் எல்லாம் பழையபடி கோணல். அப்டேட் என் உழைப்பைத் தின்றுவிட்டதா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: அப்டேட் பாவம், அது ஒன்றும் தின்னவில்லை. நீங்கள் 'சேவ்' கொடுக்கவில்லை. அதுவரை பிகாசா படத்தைத் தொடவே தொடாது. எங்கே வெட்ட வேண்டும், எவ்வளவு நிமிர்த்த வேண்டும் என்று அதே ஃபோல்டரில் 'டாட் பிகாசா டாட் ஐஎன்ஐ' என்ற மறைவான ஃபைலில் குறித்து வைத்துக்கொள்ளும். அதை நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு படத்தின் பெயருக்கும் கீழே 'ஃபில்டர்ஸ்' என்று தொடங்கி ஒரு வரி இருக்கும்; நீங்கள் ஸ்டார் போட்ட படமென்றால் 'ஸ்டார்=யெஸ்' என்றும் இருக்கும். உங்கள் ராத்திரிகளெல்லாம் அந்த வரிகளில்தான் பத்திரமாக இருக்கின்றன. விண்டோஸின் ஃபோட்டோஸ் ஆப்புக்கு அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரியாது, அவ்வளவே.

ஆகவே பிகாசாவிலேயே அந்த ஃபோல்டரைத் திறந்து, கன்ட்ரோல்-ஏ, கன்ட்ரோல்-எஸ். திருத்தம் அப்போதுதான் படத்தில் ஏறும். அசல் படம் 'டாட் பிகாசா ஒரிஜினல்ஸ்' என்ற மறைவு ஃபோல்டருக்குப் போய்விடும். வேண்டாத குப்பை என்று நினைத்து அதை அழித்துவிடாதீர்கள். இன்னொன்று: படங்களை மட்டும் செலக்ட் செய்து பென்டிரைவில் ஏற்றினால் அந்த ஐஎன்ஐ ஃபைல் பின்தங்கிவிடும். எப்போதும் ஃபோல்டரோடு காப்பி செய்யுங்கள்.

கேள்வி: சொந்தக்காரர்கள் முகத்துக்கெல்லாம் பெயர் போட்டு வைத்திருந்தேன். இப்போது அத்தனை பேரும் 'அன்னோன்'! (கோவை வாசகி)

பதில்: சில சொந்தங்கள் விஷயத்தில் நிம்மதிதானே! போகட்டும். பெயர்ப்பட்டியல் படங்களோடு இருப்பதில்லை. உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், கூகுள் என்று இறங்கினால் 'பிகாசா2', 'பிகாசா2ஆல்பம்ஸ்' என இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும். அவை அங்கே காணோமென்றால் சி டிரைவில் 'விண்டோஸ் டாட் ஓல்ட்' இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பழைய விண்டோஸின் சொத்தெல்லாம் அதில்தான் இருக்கும். ஆனால் அப்கிரேட் ஆன பத்து நாளில் விண்டோஸ் தானாகவே அதை அழித்துவிடும். இருந்தால் பிகாசாவை மூடிவிட்டு அந்த இரண்டையும் அதே இடத்தில் கொண்டுவந்து வையுங்கள்.

பெயர்கள் திரும்பி வந்ததும் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், 'நேம் டேக்ஸ்' பகுதியில் பெயரைப் படத்திலேயே சேமிக்கும் வசதியை டிக் செய்யுங்கள். ஏற்கெனவே போட்ட பெயர்களை ஏற்ற, டூல்ஸில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்ற மூலையில் 'ரைட் ஃபேஸஸ் டு எக்ஸ்எம்பி' இருக்கிறது. அதன்பிறகு டிஜிகேம் போன்ற இலவச புரோகிராமும் உங்கள் சித்தப்பாவை அடையாளம் கண்டுகொள்ளும். இந்த ஒரு வேலையை பிகாசா ஓடும்போதே முடித்துவிடுங்கள் என்பேன்.

கேள்வி: ஐபோன் படங்கள் மட்டும் பிகாசாவில் வருவதே இல்லை. (நாகர்கோவில் வாசகர்)

பதில்: ஐபோன் 2017-இல் ஹெச்இஐசி என்ற புது வடிவத்துக்கு மாறியது. அதற்கு முந்தைய வருஷமே பிகாசா ரிட்டையர்டு. போனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மேட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' வையுங்கள். இனி எடுப்பவை ஜேபெக்காக வரும். ஏற்கெனவே எடுத்தவற்றை மாற்றித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஃபோட்டோஷாப் 7 எந்த விண்டோஸிலும் ஓடுகிறது. புது கேமராவின் ரா ஃபைல்தான் திறக்கவில்லை. (விருதுநகர் வாசகர்)

பதில்: ஃபோட்டோஷாப் 7 பிறந்தது 2002-இல். அதற்கு ரா திறக்கும் பிளக்-இன்னே மறுவருஷம்தான் வந்தது. உங்கள் கேமராவின் வயசு என்ன? கேமரா கம்பெனியே தரும் இலவச சாஃப்ட்வேரில் திறந்து 8-பிட் டிஃப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். 16-பிட் கொடுத்தால் 7-இல் லேயர் போட முடியாது.

கேள்வி: நன்றாக ஓடுகிற சாஃப்ட்வேரை ஏன் நிறுத்துகிறார்கள்? (புதுச்சேரி வாசகர்)

பதில்: நன்றாக ஓடுவதுதான் சிக்கல். பிகாசா உங்கள் படங்களை உங்கள் வீட்டிலேயே விட்டுவைத்தது. அதில் கூகுளுக்கு என்ன வருமானம்? 2015-இல் கூகுள் ஃபோட்டோஸ் வந்தது, மறுவருஷம் பிகாசாவை அனுப்பினார்கள். 'எவ்வளவு வேண்டுமானாலும் இலவசம்' என்ற சலுகையையும் 2021 ஜூனில் முடித்துக்கொண்டார்கள்.

கேள்வி: பத்து வருஷமாக அப்டேட் இல்லாத புரோகிராம் ஆபத்தில்லையா? (சேலம் வாசகி)

பதில்: உங்கள் கேமராவில் நீங்கள் எடுத்த படங்களுக்குப் பயமில்லை. ஊர்பேர் தெரியாதவர் மெயிலில் அனுப்பும் 'குட் மார்னிங்' ரோஜாவை அதில் திறக்காதீர்கள். எதில் திறந்தாலும் நல்லதல்ல என்பது வேறு விஷயம்.