குண்டு போன தூரம்

1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கிய ஆங்கிலேயர், பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம்வரை நிலத்தையும் சேர்த்தே வாங்கினார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரில் அந்தக் குண்டு இன்னும் கிடக்கிறது.

நம்ம நண்பர் ஒருவர் இருபது வருஷக் கனவை நனவாக்கினார்: ஸ்போர்ட்ஸ் கார். மணிக்கு 300 கிலோமீட்டர் பாயுமாம். தரைக்கும் வயிற்றுக்கும் நாலு விரற்கடை இடைவெளி. அதே தேவனாம்பட்டினத்தின் சில்வர் பீச்சுக்குப் பெருமையாகப் புறப்பட்டார். முதல் வேகத்தடையிலேயே வயிறு தட்டி நின்றது. பின்னால் வந்த மீன்கார அம்மா, தலைக்கூடையை இறக்காமலே வழி சொன்னார்: “நீ எறங்கு தம்பி, வண்டி ஏறிடும்.”

இப்போது கார் உறைக்குள் உறங்குகிறது. நண்பர் கடற்கரைக்கு மொபெட்டில் வருகிறார். ஆங்கிலேயனுக்குக் குண்டு போன தூரம் சொந்தம். இவருக்குத் தவணை மட்டும் ஏழு வருஷ தூரம் போகிறது.