ஏதுப் போலியும் இலவங்கப்பட்டை ரொட்டியும்

நூல் என்றால் பாயிரம் வேண்டும் என்பது மரபு. இந்நூலின் எல்லை, அமெரிக்க ஐக்கிய நாட்டின் 50 மாநிலங்கள். கேட்போர், குடித்துவிட்டுக் கார் ஓட்டித் தண்டனை பெற்று, பிறகு குடிக்காமலே மாட்டிக்கொண்டவர்கள். நுதலிய பொருள், மூச்சு. பயன், டிரைவிங் லைசென்ஸ். வீடுபேறு இதனால் கிட்டாது.

தண்டனை பெற்றவரின் காரில் இக்னிஷன் இன்டர்லாக் என்றொரு கருவியைப் பொருத்துகிறார்கள். ஊதினால்தான் வண்டி கிளம்பும் என்பதால் இனி இதை ஊதுபூட்டு என்போம். 1986இல் கலிபோர்னியா இதற்கு முதலில் சட்டம் கண்டது. 2005இல் நியூ மெக்சிகோ, முதல் தடவை பிடிபட்டவருக்கும் கட்டாயம் என்றது. இன்று ஏதோ ஒரு வடிவில் இச்சட்டம் இல்லாத மாநிலம் கிடையாது. பொருத்தும் கூலியும் மாத வாடகையும் பெரும்பாலும் ஓட்டுபவர் தலையில். காராகிருகம் என்ற பழஞ்சொல்லுக்கு இவ்வாறு புதுப்பொருள் கிடைத்தது.

ஆராய்ச்சிக்கு ஓர் ஆள் வேண்டும். தருக்க நூல்களில் பல நூற்றாண்டுகளாக ஓய்வில்லாமல் உழைத்துவரும் தேவதத்தனையே அழைப்போம். பகலில் உண்ணாமலே பருத்திருப்பவன்; ஆகவே இரவில் உண்கிறான் என்று உலகெங்கும் பேர் வாங்கியவன். சந்தேகிக்கப்படப் பழகியவன் என்பதால் அவனை மிச்சிகன் மாநிலத்தில் குடியேற்றுகிறோம்.

காலை 7.10. தேவதத்தன் இலவங்கப்பட்டை ரொட்டியின் கடைசித் துண்டை மென்றுகொண்டே காரில் ஏறி ஊதுகிறான். இரத்தத்தில் சாராயம் 0.058 சதவீதம் என்கிறது கருவி. அந்த மாநிலத்தில் 0.025 வந்தாலே வண்டி கிளம்பாது. கருவியின் கேமரா அவன் முகத்தைப் படம் பிடிக்கிறது. அப்படத்தில் உதட்டோரம் சர்க்கரைப் பாகு தெரியலாம்; அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள எந்திரத்துக்கு அதிகாரமில்லை.

கருவியின் உள்ளே எரிபொருள் மின்கலம் ஒன்று உண்டு. பிளாட்டினத்தின் மேல் சாராயம் பட்டதும் அது அசிட்டிக் அமிலமாகிறது, சிறு மின்சாரம் எழுகிறது. அதாவது சாட்சி சொல்வதற்காகக் கருவி முதலில் சாராயத்தைக் காடியாக்குகிறது. அடுத்து ஒரு கணக்கு: நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் 2,100 மில்லிலிட்டர் காற்றில் எவ்வளவு சாராயமோ, அவ்வளவு 1 மில்லிலிட்டர் இரத்தத்தில் இருக்கும் என்பது. காற்று நுரையீரலிலிருந்து வந்தால் இது நியாயமான கணக்கு. கடைவாய்ப் பல்லிலிருந்து வந்தால், வாய் செய்த பாவம் இரத்தத்தின் பேரேட்டில் 2,100 மடங்காக ஏறும். ஈஸ்ட் போட்டுப் பொங்கிய மாவில் சாராயம் துளி தங்கத்தான் செய்கிறது. சில மவுத்வாஷ்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சாராயம். கண்ணாடி துடைக்கும் நீரின் மெத்தனால் ஆவி, கைக்குப் பூசும் சானிடைசரின் ஆவி இவற்றையும் மின்கலம் அன்போடு ஏற்றுக்கொள்ளும். அதற்கு அனைவரும் உறவினர்.

இனித் தருக்கம். புகை உண்டு, ஆகவே மலையில் நெருப்பு உண்டு என்பது நல்ல ஏது, அதாவது காரணம். சாராயம் உண்டு, ஆகவே தேவதத்தன் குடித்தான் என்பது இரு பக்கமும் ஓடும் ஏது; குடிகாரனிடமும் செல்லும், ரொட்டி தின்றவனிடமும் செல்லும். இதற்கு அநைகாந்திகம் என்று பெயர். மணிமேகலையின் 29ஆம் காதை ஏதுப் போலிகளை வகை பிரித்து விளக்குகிறது. அதை மோட்டார் வாகன அதிகாரிகளுக்குப் பாடமாக வைக்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து. யாரும் கேட்கவில்லை.

போலியை முறிக்கும் கருவி எது? கடிகாரம். இரத்தத்திலுள்ள சாராயம் மணிக்குச் சுமார் 0.015 வீதம்தான் இறங்கும்; அதை அவசரப்படுத்தக் கல்லீரல் ஒப்பாது. வாயில் தங்கிய சாராயமோ 15 நிமிடத்தில் மறைந்துவிடும். தேவதத்தன் வாய் கொப்பளித்துவிட்டு 7.25க்கு மறுபடி ஊதினால் 0.000. இரத்தத்தில் இருந்திருந்தால் அந்த 0.058 இறங்க நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகியிருக்கும். இந்த இரண்டு எண்களும் அவற்றின் நேரங்களும்தான் முழு வழக்கு. பயந்துபோய் வண்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடியவனுக்கு வழக்கே இல்லை. இதே கடிகாரம் மறுபக்கமும் பேசும்: 0.058, 0.054, 0.050 என்று ஆற அமர இறங்கும் எண்களை எந்த ரொட்டியும் தந்ததில்லை. அப்படிப்பட்ட எண்கள் வந்தவர் இக்கட்டுரையை மேற்கோள் காட்ட வேண்டாம்.

மூச்சில் சாராயம் தவிர வேறு மீறல்களும் உண்டு. ஓடும்போதும் கருவி அவ்வப்போது ஊதச் சொல்லும்; எஞ்சினை ஓடவிட்டுக் கடைக்குள் போனவன் அதைத் தவறவிட்டால் அதுவும் குற்றம். மெக்கானிக் பேட்டரியைக் கழற்றினால் கருவியில் கைவைத்ததாகப் பதிவாகும். மெக்கானிக்கின் ரசீது அன்று தாலிக்குச் சமம்.

மீறல் சுமத்தப்பட்டு லைசென்ஸ் ஆபத்திலானவர் அதை எதிர்த்து விசாரணைக்கு மனுப்போடலாம். அதற்குக் கெடு உண்டு; கெடு தவறினால் உண்மைக்கும் வேலையில்லை. ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்ற நீதிமன்றப் பெருந்தன்மையை இந்த நிர்வாக விசாரணையில் எதிர்பார்க்கக் கூடாது. ஆகவே சுருக்க அறிக்கையை நம்பாமல் கருவியின் முழுப் பதிவையும், முன்னும் பின்னும் நடந்த அளவுத் திருத்தச் சான்றுகளையும் கேட்டு வாங்க வேண்டும். கருவியை வாடகைக்கு விடுபவரும் அது சரியாக இருக்கிறது என்று சான்று தருபவரும் பல இடங்களில் ஒருவரே என்பதைப் பணிவோடு குறிப்பிடலாம்.

துணைச் சாட்சியாகச் சிறுநீர்ச் சோதனை ஒன்று உண்டு, ஈ.டி.ஜி. என்று பெயர். ரொட்டி தின்றவனைக் காப்பாற்றக்கூடிய அது, மவுத்வாஷுக்கும் சானிடைசருக்கும்கூடச் சிலசமயம் ஆமாம் போடும். இதை மட்டும் நம்பித் தண்டிக்காதீர் என்று 2006இலேயே அமெரிக்க அரசின் சுகாதாரத் துறை அமைப்பொன்று எச்சரித்தது. சில வாரங்கள் பின்னோக்கிப் பார்க்கும் பெத் என்ற இரத்தச் சோதனை இன்னும் நம்பகமானது. உடனே காவல் நிலையத்துக்குப் போய் அங்கேயும் ஊதிக் காட்டச் சொல்லும் மிச்சிகன் வக்கீல்களும் உண்டு. குடித்து ஓட்டித் தண்டனை பெற்றவன் தன் காலால் நடந்து போலீஸிடம், ஐயா, என்னை ஊதச் சொல்லுங்கள் என்று கெஞ்சும் காட்சியை நம் பழைய நூல்கள் எதுவும் கற்பனை செய்யவில்லை.

தேவதத்தன் இப்போது ரொட்டி தின்பதில்லை. விடியற்காலையில் காருக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்று, மூன்று தடவை கொப்பளித்துத் துப்பி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி 15 நிமிடம் அசையாமல் இருக்கிறான். எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியே தினமும் இதைக் காண்கிறார். விடியும்போதே ஆரம்பித்துவிடுகிறான் பாவம், என்று மனைவியிடம் சொல்கிறார்.