கடியாரம் கட்டுன பேராண்டிக்கு

வாப்பு, வா. இந்தத் திண்ணையில உக்காரு. ஏன் இப்படி இரைக்குது? மார்க்கையன்கோட்டை வரைக்கும் ஓடிட்டு வாரியாக்கும். நாய் ஏதும் வெரட்டுச்சா? இல்லையா? சும்மாவே ஓடுனியா? சரி சரி, காலம் அப்படி.

கையில என்ன, கடியாரமா? மணியத் தவிர மத்த எல்லாத்தையும் சொல்லுமாமே. ராத்திரி நீ எப்படித் தூங்குனன்னு காலையில அது சொன்னாத்தான் உனக்குத் தெரியுமாம். தூங்குனவன் நீ, சாட்சி சொல்றது கடியாரமா? எங்க காலத்துல சேவல் எழுப்பிவிடுறதோட நிறுத்திக்கிரும். நீ நல்லாத் தூங்கலைன்னு குத்தம் சொன்னதில்ல.

வந்த சோலியச் சொல்லு. ஓ, வர்ற ஞாயித்துக்கிழமை ஓட்டப்போட்டியா. 42 கிலோமீட்டரு, அதுக்கு மேல 195 மீட்டரு. தேனியில எறங்கி கம்பத்துக்கு நடந்தா ஏறக்குறைய அம்புட்டு வரும். அந்தத் தடத்துல பஸ்ஸு ஓடுதுன்னு உனக்கு யாரும் சொல்லலையா?

அந்த 195 மீட்டரு எங்கருந்து வந்துச்சுன்னாவது தெரியுமா? 1908-ல லண்டன் ஒலிம்பிக்கு. ராசாவோட கோட்டையில ஆரம்பிச்சு, மைதானத்துல ராசா வீட்டு ஆளுக உக்கார்ற எடத்துக்கு முன்னாடி ஓட்டம் முடியுற மாதிரி தூரத்த அளந்தாய்ங்க. 1921-ல அதையே உலகத்துக்கே சட்டமாக்கிட்டாய்ங்க. எவரோ போட்டு உக்காந்த நாக்காலிக்காக நீ இன்னிக்கும் கால் நோக ஓடுற. அதுக்கு ஒரு கேள்வி கேட்டியா? கேக்கல. ஆனா ஆறரை மணிப் பூசைக்கு ஏன் தாத்தா போகணும்னு மட்டும் எங்கிட்ட நூறு கேள்வி.

சரி, உன் கொழப்பம் எனக்கு வெளங்குது. ஞாயித்துக்கிழமை வெள்ளன ஓட்டம், அதே நேரத்துல கோயில்ல பூசை. எதுக்குப் போறதுன்னு தெரியாம, கண்ண மூடிக்கிட்டு வேதப் புஸ்தகத்தத் தொறந்து வெரல வச்சியாம். உங்க ஆத்தா சொன்னா. வெரலு வம்ச அட்டவணையில போயி நின்னுச்சாம். இன்னாருக்கு இன்னார் பிறந்தார்ங்கிறதுல ஓடுன்னும் இல்ல, ஓடாதன்னும் இல்ல. உடனே ரெண்டாந்தடவ தொறந்தியாம். அப்புறம் மூணாந்தடவ. கிளி சோசியக்காரன்கூட ஒரு காசுக்கு ஒரு சீட்டுத்தான்யா எடுப்பான்.

செருப்பு வாங்குறதுக்கும் செபமாமே? நீலமா செவப்பான்னு ஒரு வாரம் காத்திருந்தியாம். கடைசியில, தள்ளுபடி போட்டது செவப்புக்குத்தான், அதனால அதுதான் அடையாளம்னு வாங்கிட்டியாம். நான் அறுவது வருசமா மாட்டுச் சந்தைக்குப் போறேன். மாட்டோட பல்லப் புடிச்சுப் பாக்காம, சந்தை நடுவுல முழங்கால் போட்டவனை நான் பாத்ததில்ல. பாக்கத்தான ஆண்டவரு கண்ணக் குடுத்திருக்காரு?

செபம் பண்ணாதன்னு சொல்லல அப்பு. கன்னத்துல போட்டுக்க வச்சிராத. எதுக்குப் பண்றோம்னு ஒரு அளவு வேணாமா?

நம்ம சின்னப்பரு, உங்க புதுப் பேச்சுல பவுலு, கொரிந்து பட்டணத்துக்காரங்களுக்கு ஓட்டத்தப் பத்தித்தான் எழுதுனாரு. ஏன் தெரியுமா? அந்தப் பட்டணத்துக்குப் பக்கத்துலதான் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா பெரிய விளையாட்டுத் திருவிழா. செயிச்சவனுக்கு என்ன குடுப்பாய்ங்க? தங்கமா? பைன் மரத்துத் தழை, இல்லேன்னா காஞ்ச கீரைத் தழை. அத மாலையாக் கட்டித் தலையில வைப்பாய்ங்க. வாடிப்போற தழைக்கே இம்புட்டு வாயக் கட்டி வயித்தக் கட்டிப் பழகுறானே, வாடாததுக்கு நீ என்ன பண்ணுறன்னு கேட்டாரு. எங்க போறோம்னு தெரியாம ஓடாதன்னும் சொன்னாரு. சின்னப்பரு கூடாரம் தைக்கிற தொழிலாளி. திருவிழாக் கூட்டம் தங்க அவரு தச்ச கூடாரமும் போயிருக்கும்னு நான் நெனச்சுக்கிறது. தொழில் செய்யுறவன் பேச்சு அப்படித்தான் இருக்கும், தழைய எடை போட்டுத்தான் பேசுவான். இப்ப உங்களுக்கு ஓடி முடிச்ச எல்லாருக்கும் தகரப் பதக்கமாமே? வேளாங்கண்ணிக்கு வருசா வருசம் காவி கட்டிக்கிட்டு நாள்கணக்கா நடந்து போற சனம், கொப்புளத்தத் தவிர எதையும் கழுத்துலயும் கால்லயும் மாட்டிக்கிட்டு வந்ததில்ல.

கட்டுப்பாடு, கட்டுப்பாடுங்கிறியே. அத நம்ம பந்தலுக்குக் கீழ வந்து படி. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு குடுத்தாக. 1832-ல ஒரு பிரெஞ்சுச் சாமியாருதான் இந்தத் திராட்சையத் தமிழ்நாட்டுக்குக் கொண்டாந்தாருன்னு சொல்லுவாக. பூசைக்குப் போறவனுக்கும் போகாதவனுக்கும் அது ஒரே மாதிரித்தான் காய்க்குது. ஆனா ஒண்ணு. கவாத்து பண்ணலைன்னா யாருக்கும் காய்க்காது. பச்சப்பசேல்னு கெடக்குற கொடியக் கத்திரிய வச்சு வெட்டுவோம். வெளியூர்க்காரன் பாத்தா வயிறு எரியும். வெட்டுன எடத்துல சொட்டுச் சொட்டாத் தண்ணி வடியும், கொடி அழுவுதுன்னு சொல்லுவோம். வெட்டி நாலு மாசத்துல கொத்துக் கொத்தாத் தொங்கும். உங்க நெடுந்தூர ஓட்டத்துக்கும் பதினாறு, பதினெட்டு வாரம் பழகணும்னு சொன்னியே, விரல் விட்டு எண்ணிப் பாரு. கிட்டத்தட்ட எங்க கணக்குத்தான்.

கவாத்துன்னா வெட்டுறதா, சேக்குறதா? நீ ஓட ஆரம்பிச்சதுல இருந்து சேத்துக்கிட்டேயில்ல போற? கடியாரம் ஒண்ணு, செருப்பு மூணு சோடி, தொடைக்கு ஒரு ஒறை, கண்ணுக்கு ஒரு கண்ணாடி. அப்புறம் அந்தக் கொழகொழ பசை, பாக்கெட்டு என்ன வெல? வாழத்தாரு லாரி லாரியா ஏத்துற சின்னமனூர்ல இருந்துக்கிட்டு, பழத்த விட்டுட்டுப் பசையத் திங்கிற மொத ஆளு நீதான்யா.

கென்யாவுல கிப்சோகேன்னு ஒருத்தரு. 2019-ல வியன்னாவுல இந்த 42 கிலோமீட்டர 2 மணி நேரத்துக்குள்ள, 1 மணி 59 நிமிசம் 40 செகண்டுல ஓடுனவரு. அத அதிகாரபூர்வச் சாதனையா ஏத்துக்கலைன்னாலும் ஓடுனது ஓடுனதுதான். காசு கொட்டிக் கெடக்கு. ஆனா பயிற்சி முகாம்ல மத்தவங்களோட மொற வச்சு அவரும் கக்கூஸ் கழுவுனவரு. நீ நேத்து சாப்புட்ட தட்டு இன்னும் முத்தத்துல கெடக்கு.

இப்ப ஞாயித்துக்கிழமைக்கு வாரேன். எரிக் லிடல்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரரு, சீனாவுல பெறந்தவரு. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கு. நூறு மீட்டர்ல செயிப்பாருன்னு ஊரே காத்திருந்துச்சு. முதல் சுத்து ஞாயித்துக்கிழமை. அன்னிக்கு ஓட மாட்டேன்னுட்டாரு. அவரப் பத்தி 1981-ல வந்த படத்துல, கப்பல் ஏறுறப்பத்தான் அவருக்குத் தேதி தெரியும்னு காட்டுவாய்ங்க. நெசத்துல மாசக்கணக்கா முன்னாடியே தெரியும். முடிவெடுத்துட்டு, மூலையில உக்காந்து புஸ்தகத்துல வெரலு வைக்கல. வேற தூரத்துக்குப் பழக ஆரம்பிச்சாரு. 400 மீட்டர 47.6 செகண்டுல ஓடி, உலக சாதனையோட தங்கம். முடிவு ஒரே நாள்ல, ஒழைப்பு மாசக்கணக்குல. நீ பண்ணுறது தலகீழ். மாசக்கணக்கா யோசன, கடைசி நாள்ல ஓட்டம்.

இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. தெரியாதது ஒண்ணு சொல்றேன். அடுத்த வருசமே அவரு சீனாவுக்கு வாத்தியாராப் போயிட்டாரு. ரெண்டாம் உலகப் போர்ல சப்பான்காரங்க வெய்சியன்ங்கிற எடத்துல ஒரு முகாம்ல அடைச்சு வச்சாய்ங்க. அங்க இருந்த புள்ளைங்க ஞாயித்துக்கிழமை விளையாட எறங்கி, நடுவர் இல்லாம அடிச்சுக்கிட்டாய்ங்க. ஒலிம்பிக்குத் தங்கத்துக்காக ஞாயித்துக்கிழமை ஓட மாட்டேன்னவரு, அந்தப் புள்ளைங்களுக்காக ஞாயித்துக்கிழமை மைதானத்துல நடுவரா நின்னாரு. 1945-ல அந்த முகாமுக்குள்ளயே செத்துப் போனாரு.

இப்பச் சொல்லு. மனுசன் கொள்கைய மாத்திட்டாரா? கிறுக்குப்பயலே, மாத்தல. தனக்குன்னு வந்தப்ப இறுக்கிப் புடிச்சாரு, அடுத்தவனுக்குன்னு வந்தப்ப எளக்கி விட்டாரு. நம்மள்ள பல பேரு அத மாத்திச் செய்யுறோம். அடுத்தவனுக்குன்னா இறுக்கம், நமக்குன்னா எளக்கம். விசுவாசம் எதுலன்னு பாக்க வேற ஒரைகல்லு வேணுமா?

உன் கேள்விக்கு வழி இருக்கு, முகத்த அப்படித் தொங்கப் போடாத. சனிக்கிழமை சாயங்காலப் பூசை எங்க இருக்குன்னு சாமியாருகிட்ட ஒரு வார்த்த கேளு. அது ஞாயித்துக்கிழமைக் கணக்குல சேந்துரும். போயிட்டு, மறுநாள் தாராளமா ஓடு. ரெண்டு நிமிசத்துல முடிய வேண்டிய சோலி. இதுக்குப் போயி மூணு தடவ புஸ்தகத்தத் தொறந்துட்ட.

இரு, எந்திரிக்காத. சனிக்கிழமைன்னதும் ஞாபகம் வந்துருச்சு. போன சனிக்கிழமை நம்ம பந்தல்ல பழம் வெட்டுன பொம்பளையாளுகளுக்குக் கூலி குடுக்கச் சொல்லி உங்கிட்டத்தான பணத்தக் குடுத்தேன்? குடுத்தியா? அடுத்த வாரம் சேத்துத் தாரேன்னு சொல்லிட்டியாமே. அந்தக் காசுதான் ஓட்டப்போட்டிக்குக் கட்டுன காசாக்கும்?

கூலிக்காரன் கூலிய ராத்தங்க வைக்காதன்னு வேதத்துல இருக்கு. மோயீசன், உங்க புதுப் பேச்சுல மோசே, அவரு காலத்துலயே முடிஞ்சுபோன விசயம். அதுக்கு அடையாளம் கேக்க வேண்டியதில்ல, வெரல வைக்க வேண்டியதில்ல. ஞாயித்துக்கிழமை ஓடலாமான்னு ஆண்டவருகிட்டக் கேட்டியே, சனிக்கிழமை கூலிய நிறுத்தலாமான்னு யாருகிட்டக் கேட்ட?

போ. வண்டிய எடுக்காத. அவுக வீடு ஆத்துக்கு அங்குட்டு இருக்கு, ஓடியே போ. எத்தன கிலோமீட்டருன்னு உன் கடியாரம் கணக்கு வச்சுக்கிரட்டும்.