400 மீட்டர் போர்வை

ஆவடியில் குளிர்காலம் என்றால் ஃபேனை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைப்பது. மார்கழியில் ஓரிரு நாள் இரண்டுக்கும் போகும். அன்று என் மனைவி காதில் பஞ்சு வைத்துக்கொள்வாள். இந்தக் குளிரை நம்பித்தான் நான் உருளைக்கிழங்கு போட்டேன்.

எல்லாம் தூக்கம் வராத ஒரு ராத்திரி பார்த்த வீடியோவால் வந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் தோட்டத்து மண்மேல் கறுப்பு ஷீட்டை விரித்தார், ஓட்டை போட்டார், கிழங்கைச் செருகினார். மூன்று மாதம் கழித்து ஷீட்டைத் தூக்கினால் கோழி முட்டையிட்ட மாதிரி மண்மேல் அப்படியே கிழங்குகள். மண்வெட்டியே இல்லை! உருளைக்கிழங்கில் வெயில் பட்டால் பச்சை பிடிக்கும், கூடவே சோலனைன் என்ற நஞ்சும் ஏறும். அதனால்தான் விவசாயிகள் செடிக்கு மண் அணைக்கிறார்கள். ஷீட் இருந்தால் வெளிச்சத்தை அதுவே தடுத்துவிடும், குனிய வேண்டாம். என் முழங்காலுக்காகவே யாரோ கண்டுபிடித்தது போலிருந்தது.

கடையில் போய், "மல்ச்சிங் ஷீட் பத்து மீட்டர் குடுங்க" என்றேன்.

"மீட்டர் கணக்குல கிடையாது சார், ரோல்தான்."

ஒரு ரோல் 400 மீட்டர். நாலடி அகலம், 25 மைக்ரான், தூக்கினால் பதினோரு கிலோ. என் பாத்தி 8 மீட்டர். வீடியோ பார்த்தவனுக்கு நிதானம் ஏது? ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளி. நம்ம ஊருக்கு வெள்ளி மேலே இருக்கணும், வெயிலைத் திருப்பி அனுப்பிடும். கறுப்பு கீழே இருந்தால் களைக்கு வெளிச்சம் கிடைக்காது என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

விதைக்குக் கடையில் பளபளவென்று கழுவி வைத்த கிழங்கு வாங்கி, இருட்டில் மூன்று வாரம் வைத்திருந்தேன். ஒரு முளை இல்லை. குளிர்பதனக் கிடங்கில் முளைக்காமலிருக்க மருந்து காட்டிய கிழங்காக இருக்கும் என்று பிறகு தெரிந்தது. அதே நாட்களில் எங்கள் வெங்காயக் கூடைக்கு அடியில், யாரும் கேட்காமலே, நாலு கிழங்கு ஒரு அங்குலம் முளை விட்டுக் கிடந்தது. அதையே துண்டுக்கு இரண்டு கண் இருக்கிற மாதிரி வெட்டி, வெட்டுவாயில் சாம்பல் தடவினேன். மொத்தம் 14 துண்டு.

கார்த்திகைக் கடைசியில் ஷீட் விரிப்பு விழா. நான் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், ஜமக்காளம் போல இழுத்துப் பிடித்து ஓரமெல்லாம் மண்ணில் புதைத்தோம். பாத்தி வெயிலில் தகதகத்தது. விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் கையூன்றிப் பார்த்தார்.

"சார், மேல போற பிளேன் ரன்வேன்னு நெனச்சு எறங்கிடப் போவுது."

சிரித்து முடிப்பதற்குள் மனைவி கேட்டாள். "ஏங்க, இதுக்குத் தண்ணி எப்படி ஊத்துவீங்க?"

சொட்டுநீர்க் குழாயை முதலில் போட்டு, அதன்மேல்தான் ஷீட்டை விரிக்க வேண்டும். குழாய் மாடிப்படி அடியில் சுருட்டியபடி இருந்தது. எல்லாவற்றையும் பிரித்தோம். இரண்டாம் தடவை விரித்தபோது முதல் தடவை வந்த விறைப்பு வரவே இல்லை, எங்கள் இருவரிடமும்.

அடுத்து கோரை. நான் 31 வருஷம் டாங்கி தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். விஜயந்தா, அஜேயா, அர்ஜுன் என்று ஆவடியில் பிறந்த டாங்கிகளோடு பழகியவன். அர்ஜுனின் கவசத்துக்குக் காஞ்சன் என்று பெயர். அதை உருவாக்கிய ஆய்வுக்கூடம் ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் இருப்பதால் வந்த பெயர். எதைக்கொண்டு எதைத் துளைக்கலாம் என்பது எங்களுக்குச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. அப்படிப்பட்டவன் போட்ட கவசத்தை ஒன்பதாம் நாள் ஏழு இடத்தில் குத்திக்கொண்டு ஊசி ஊசியாக நின்றது கோரைப்புல். மற்ற களையெல்லாம் இருட்டில் வெளுத்துச் செத்துவிட்டது. கோரைக்கு மட்டும் நுனி ஈட்டி, அடியில் கிழங்கு. நான் போட்ட கிழங்கு தலைகாட்ட மூன்று வாரம் ஆயிற்று. போடாத கிழங்கு ஒன்பதே நாளில் வந்துவிட்டது. "இத காய வெச்சா குளியல் பொடிக்காவது ஆகும்" என்றாள் மனைவி. நாட்டு மருந்துக் கடையில் அதற்கு விலை உண்டு என்பது வாஸ்தவம்தான்.

14 துண்டில் ஒன்பது முளைத்தன. தை முடியும்போது முழங்கால் உயரம், இலையெல்லாம் கொழுகொழு. பூரித்துப்போய், ஊட்டிப் பக்கம் கேத்தியில் தோட்டம் பார்க்கும் மைத்துனனுக்குப் போன் போட்டேன். அவன் செடியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"மாமா, ராத்திரி ஃபேன் போடுறீங்களா?"

"மூணுல."

"அப்ப கிழங்கு வராது."

பகலில் இலை சமைக்கும் மாவுச்சத்து ராத்திரியில் கீழே இறங்கிக் கிழங்காகத் திரள வேண்டும். அதற்கு ராத்திரி நன்றாகக் குளிர வேண்டும். புழுக்கமாக இருந்தால், சமைத்ததில் பாதியைச் செடியே மூச்சுவிட்டுத் தீர்த்துவிடும். மிச்சத்தை இலையும் தண்டுமாக வளர்க்கும். சென்னையின் தை மாத ராத்திரியோ 20 டிகிரிக்குப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. நான் விடவில்லை. "வடக்கே சமவெளியிலதானே மலைமலையா விளையுது?" என்றேன்.

"அங்க ராத்திரி ஆளுங்க ரஜாய் போத்திப் படுக்குறாங்க மாமா. நீங்க மண்ணுக்குப் போத்தி விட்டிருக்கீங்க. ஊட்டிய உருவாக்குன சல்லிவன் கோயமுத்தூர் கலெக்டர்தானே? உருளைக்கிழங்க கோயமுத்தூர்லயே போட்டிருக்கலாமே, ஏன் மலை ஏறி வந்து போட்டாரு?"

இருநூறு வருஷத்துக்கு முந்திய கலெக்டரைச் சாட்சிக்கு இழுப்பவனிடம் என்ன பேசுவது?

மாசி வந்ததும், முளைக்காத ஐந்து குழி இருந்த வெற்றிடத்தில் மனைவி என் பழைய வேட்டியை விரித்துக் கூழ் வடாம் பிழிந்தாள். மேலே வெயில், கீழே வெள்ளி. மொட்டை மாடியில் இரண்டு நாள் கேட்கும் வடாம் ஒரே நாளில் கலகலவென்று எழுந்து வந்தது. மறுநாள் எதிர்வீட்டம்மா ஒரு டப்பா கூழோடு வந்து நின்றார். அதற்கடுத்த நாள் இரண்டு பேர். அறுவடைக்கு நாள் பார்க்க நான் வடாம் காய்கிற கணக்கையும் பார்க்க வேண்டியதாயிற்று.

மாசிக் கடைசியில் ஷீட்டைத் தூக்கினோம். பக்கத்து வீட்டுக்காரர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். போர்வைக்கு அடியில், பாத்தியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, வளைவு நெளிவே இல்லாமல் ஒரு பெருச்சாளி சாலை போட்டிருந்தது. பாதி கடித்தது மூன்று. அவை இருந்திருந்தால் பெரிய கிழங்குகள் என்று கடிவாயைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கு விட்டு வைத்தது பதினொன்று, நெல்லிக்காயிலிருந்து எலுமிச்சை வரை. அதிலும் இரண்டு, ஓட்டைக்கு நேர்கீழே இருந்ததால் பச்சை. அவற்றை எறிந்துவிட்டு மீதியைத் தராசில் வைத்தேன். 380 கிராம்.

சோம்பு தாளித்துத் தோலோடு ரோஸ்ட் செய்தாள். மதில்காரருக்கு ஒன்று போக, ஆளுக்கு நாலு. ருசி நன்றாகவே இருந்தது, இதை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்தப் பாத்தியில் இப்போது சக்கரவள்ளிக் கொடி நட்டிருக்கிறேன். அதற்கு ஆவடி வெயில் பிடிக்கும், போர்வையையும் அதுவே விரித்துக்கொள்கிறது. மாடிப்படிக்கு அடியில் 392 மீட்டர் ஷீட் நிற்கிறது. ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் பக்கம் தோட்டமோ வடாமோ போடுகிறவர்கள் யாராயிருந்தாலும் வரலாம், காசு வேண்டாம், கத்தரிக்கோல் மட்டும் கொண்டு வாருங்கள். சொட்டுநீர்க் குழாயை முதலில் போட்டுவிட்டு வாருங்கள்.